எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்த அம்மா

பாளையங்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை. நூலகத்தின் மாடி அறையில் வாசகர் வட்டக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேச வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முதன்முதலாக வேலையில் சேரப் போன நாளில், வாட்ச்மேன் தன்னைத் தாமதமாக வந்த மாணவன் என்று நினைத்து கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்த கதையைச் சொன்னார். அறையே குலுங்கிச் சிரித்தது.

மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த செல்போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பேச்சாளர் இப்போது தன்னை வளர்த்த ஆசிரியர் இறந்துபோன நாளைப் பற்றித் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஏனென்றால், அந்தத் திரையில் ஓடிய எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த சர்வரை எழுதியது அவன்தான்.

அம்மாவுக்கு வயது 71. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். ஊருக்குள் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். டிரங்க் கால் காலத்தில் ‘ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?’ என்று கேட்டு, எதிர்முனையில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் நம்பரைச் சரியாகப் பிடித்துவிடுகிற காது அவருடையது.

அந்தக் காதுதான் ஆறேழு வருடங்களாக மங்கிக்கொண்டே வந்தது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் போதுமானதாக இருந்தது. கூட்டத்தில் அது உதவவில்லை. ஃபேன் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்தே அது பெரிதாக்கிக் கொடுத்தது. அம்மா கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்தார். கச்சேரியை நிறுத்தினார். மிஞ்சியிருந்தது இந்த வாசகர் வட்டம் ஒன்றுதான்.

சென்னையில் ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பக்க வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு யோசனை வந்தது. மேஜை மேல் ஒரு போனை வைத்து பேச்சாளரின் குரலைப் பிடிப்பது. பேச்சை எழுத்தாக மாற்றித் தரும் சேவைகள் தமிழுக்கும் வந்துவிட்டன. அதிலிருந்து வரும் வரிகளைத் தன் சர்வர் வழியாக அம்மாவின் போன் திரைக்கு உடனுக்குடன் அனுப்புவது. நான்கு இரவுகளில் எழுதி முடித்தான். தன் லேப்டாப்பில் சோதித்தபோது சொல்லி வாய் மூடுவதற்குள் எழுத்து வந்து நின்றது. அந்தத் தெம்பில்தான் ஊருக்கு வந்திருந்தான்.

அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் அம்மா சொன்னார். “விடுய்யா. இனிமே நான் போகல. வீட்ல இருந்தே படிச்சிக்கிடுதேன்.”

திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்காமல் யோசித்துக்கொண்டே வந்தான். சேவை வேலை செய்தது, சர்வரும் வேலை செய்தது. வரி ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால், ஒரு நிமிடப் பேச்சு மொத்தமும் மூட்டையாகக் கட்டி ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கிறது. எங்கே தேங்கியது?

சாதாரணமாக ஒரு வெப் சர்வரின் வேலை, பால் பூத்தில் பாக்கெட் விற்பது மாதிரி. போனிலிருந்து ஒரு கேள்வி வரும், சர்வர் முழுப் பதிலையும் தயார்செய்து கொடுக்கும், அதோடு அந்தத் தொடர்பு முடிந்துவிடும். பேச்சு அப்படி இல்லை. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாயைத் திறந்துவிட்டதுபோல, ஒரே கேள்விக்கான பதிலை முடிக்காமல் துளித்துளியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குத்தான் ஸ்ட்ரீமிங் என்று பெயர். ஏஐ சாட்டில் கேள்வி கேட்டால் பதில் வார்த்தை வார்த்தையாக வந்து விழுகிறதே, பெரும்பாலும் அதுவும் இதே முறையில்தான்.

அவன் பயன்படுத்தியது ‘சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸ்’ என்கிற எளிய வழி. திறந்தே இருக்கும் இணைப்பில் சர்வர் ஒரு வரியை எழுதி, அடுத்து ஒரு வெற்று வரி விட வேண்டும். ‘ஒரு செய்தி முடிந்தது’ என்று போனில் இருக்கும் பிரவுசர் புரிந்துகொண்டு அதைத் திரையில் காட்டும்.

மறுநாள் காலை சென்னையில் இறங்கியதும் உட்கார்ந்து பார்த்தான். அரை மணி நேரத்தில் குற்றவாளி கிடைத்தது.

லேப்டாப்பில் சோதித்தபோது அவனுடைய நிரலும் பிரவுசரும் நேருக்கு நேர் பேசின. நிஜ சர்வரில் நடுவே இன்னொருவர் நின்றார். அவர் பெயர் என்ஜின்எக்ஸ். இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் எழுதி 2004-ல் வெளியிட்ட மென்பொருள் அது. உலகம் முழுக்க ஏராளமான இணையதளங்களுக்கு வாசல்காப்போன். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே இருக்கும் நிரலிடம் கொடுப்பதும், நிரல் சொல்லும் பதிலை வெளியே கொண்டுபோய்க் கொடுப்பதும் அதன் வேலை.

அதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. உள்ளிருந்து வரும் பதிலைத் தன்னிடம் இருக்கும் ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, தொட்டி நிறைந்ததும் அனுப்பும். வேகம் குறைந்த போனுக்காக உள்ளே இருக்கும் நிரல் காத்துக் கிடக்க வேண்டாமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பாக்கெட் விற்பதற்கு மிகச் சரியான முறை. குழாய்க்கு அதுவே எமன்.

அவனுடைய சர்வரில் தொட்டியின் அளவு 4,096 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘அ’ என்று எழுதவே 3 பைட் வேண்டும். புள்ளியோ கொம்போ சேர்ந்தால் அது 6 ஆகிவிடும். அப்படி இருந்தும் அந்தத் தொட்டி நிறைய, நிதானமாகப் பேசும் ஒரு தமிழாசிரியருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் இருந்திருந்தால் அம்மா இன்னும் தாமதமாகச் சிரித்திருப்பார்.

தீர்வு ஒரே ஒரு வரி. ‘எக்ஸ்-ஆக்சல்-பஃபரிங்: நோ’ என்று பதிலின் தலைப்பில் சேர்த்தால் போதும். ‘இந்தப் பதிலை மட்டும் தொட்டியில் தேக்காதே’ என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்கிற குறிப்பு அது. கூடவே, பதிலைச் சுருக்கி அனுப்பும் ஜிஸிப் ஏற்பாட்டையும் இந்தப் பாதைக்கு மட்டும் நிறுத்தினான். சுருக்குவதற்காக அதுவும் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. அன்றே ஒரு பாடமும் எழுதிவைத்துக்கொண்டான். சோதனை என்பது லேப்டாப்பில் அல்ல, அம்மாவின் போன் எந்த வழியாக வருமோ அதே வழியில் நடக்க வேண்டும்.

அம்மாவைச் சமாதானப்படுத்த மூன்று வாரங்கள் ஆயின. நான்காவது ஞாயிறு, அரை மனதாகப் போனார். இந்த முறை எழுத்துகள் உடனுக்குடன் வந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எனக்கும் இப்படி ஒண்ணு வேணுமே” என்று அடுத்த வாரம் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் 80 வயதைத் தாண்டிய முன்னாள் ஹெட்மாஸ்டர்.

அன்று மாலை வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா வந்தார். வீட்டுக்குள் காதுக்கருவியோடு, உதட்டையும் பார்த்துப் பேசினால் அவருக்குச் சிரமம் இருக்காது.

“எல்லாம் சரியா வந்துச்சாம்மா?”

“வந்துச்சுய்யா. ஹெட்மாஸ்டர் சாருக்குத்தான் வெறும் வெள்ளையா இருந்துச்சு. ரொம்ப நேரம் தட்டித் தட்டிப் பாத்தாரு. பொறவு நான் என்னோடத மூடுனேன். உடனே அவருக்கு வந்துட்டு.”

“நீ ஏம்மா மூடின?”

“நான் கேக்காமலே இருந்து பழகிட்டேன்லா. சாரு ஆசையா வந்தாரு.”

அவனுக்கு உடனே பிடிபட்டது. இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற கணக்கில் தன் நிரலை ஓடவிட்டிருந்தான். த்ரெட் என்றால் ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் நான்கு பேர். பாக்கெட் விற்பதற்கு நான்கு பேர் தாராளம். ஒருவருக்கு விற்று முடித்ததும் அடுத்தவரைக் கவனிக்கலாம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் ஒரு வேலையாள் ஒருவரோடு நின்றால், கூட்டம் முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஐந்தாவதாக வந்த ஹெட்மாஸ்டருக்கு ஆள் இல்லை.

அதை அம்மாவுக்கு விளக்கினான். அம்மா சிரித்தார்.

“ஒரு லைனுக்கு ஒரு ஆளு போட்டா வெளங்குமாய்யா? எங்க போர்டுல நான் ஒருத்தி எத்தன லைன் பாத்திருக்கேன். வயரச் சொருகி விட்டுட்டா ரெண்டு பேரும் பேசிக்கிடுவாங்க. நான் எதுக்கு அவங்க பேசி முடிக்க வரைக்கும் அங்கனயே நிக்கணும்? எந்த விளக்கு எரியுதோ அதப் பாத்தாப் போதும்லா.”

அவன் சற்று நேரம் பேசவில்லை. வலை உலகம் பல வருடங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கான பதில் அது. 1999-ல் டான் கெகல் என்ற அமெரிக்க மென்பொருளாளர் இதற்கு ‘சி10கே பிரச்னை’ என்று பெயர் வைத்தார். ஒரே கணினி எப்படி 10,000 இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்குவது என்பதே அந்தக் கேள்வி. ஓர் இணைப்புக்கு ஒரு வேலையாள் என்று போட்டால் நினைவகம் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரே வேலையாள் எல்லா இணைப்புகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். எதில் வேலை வருகிறதோ அதை மட்டும் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். லினக்ஸில் இதற்கென்றே ‘ஈபோல்’ என்ற வசதி இருக்கிறது. எந்த இணைப்பில் விளக்கு எரிகிறது என்று அது சொல்லும். என்ஜின்எக்ஸ் பிறந்ததும் இந்தக் கேள்விக்கு விடையாகத்தான்.

அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் முடிந்து வந்து, நிரலை அந்த முறைக்கு மாற்றி எழுதினான். மாற்றி முடித்ததும் ஒரே நேரத்தில் 500 இணைப்புகளைத் திறந்து பார்த்தான். ஒரே வேலையாள் சமாளித்தார். அதற்கு முன் திறக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பு எவ்வளவு என்பதையும் பார்த்து உயர்த்திவைத்தான். லினக்ஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு ஃபைல் போலவே கணக்கில் வரும், பல இடங்களில் அந்த வரம்பு 1,024 என்றுதான் இருக்கும். ஐந்து பேருக்கு 500 எதற்கு என்று அறை நண்பன் கேட்டான். “ஆறாவது ஆள் வந்தா எங்கம்மா மறுபடியும் எழுந்து இடம் கொடுத்துடுவா” என்றான் இவன்.

மூன்று மாதங்கள் நன்றாகப் போயின. அம்மா கூட்டத்துக்கு முந்தின நாளே புடவை எடுத்துவைக்க ஆரம்பித்திருந்தார். பேசப்படும் புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, ஹெட்மாஸ்டரோடு வாட்ஸ்அப்பில் சண்டை வேறு.

ஒரு புதன்கிழமை ஹெட்மாஸ்டர் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா திரையைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. மௌனத்துக்கு முன் வந்த கடைசி வரி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் அம்மா சும்மா புன்னகை செய்து தலையாட்டினார். இரங்கல் கூட்டத்தில் புன்னகை. பக்கத்தில் இருந்த பெண் பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ‘அடுத்த வாரம் சாரைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

இரவு மகன் சர்வரின் பதிவேட்டைத் திறந்தான். மௌனம் நடந்த நேரத்தில் ஐந்து இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்திருந்தன. காரணத்தைப் படித்ததும் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் நிரலிடமிருந்து 60 விநாடிகள் எந்தத் தகவலும் வராவிட்டால் ‘அது செத்துப்போயிருக்கும்’ என்று முடிவுசெய்து இணைப்பைத் துண்டிப்பது என்ஜின்எக்ஸின் இயல்பான விதி. ஒருவர் இறந்ததற்காகக் காத்த ஒரு நிமிட மௌனத்தை, இயந்திரம் இணைப்பின் சாவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

பிரவுசர் தானாகவே மறுபடி இணைந்துகொண்டது உண்மைதான். ஆனால் அதற்குச் சில விநாடிகள் பிடித்தன. அந்த இடைவெளியில் வந்த வரிகள் போய்விட்டன. அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதில் ஒன்று.

அடுத்த நாள் வீடியோவில் அம்மாவே கேட்டார். “லைன் கட்டாயிட்டா?”

“ஆமாம்மா. யாரும் பேசலைன்னா செத்துப்போச்சுன்னு நெனச்சுக் கட் பண்ணிடுது.”

“நாங்க அப்படியெல்லாம் பட்டுன்னு புடுங்க மாட்டோம். சத்தம் இல்லன்னா உள்ள பூந்து, ‘பேசுதீங்களா?’ன்னு ஒரு வார்த்த கேப்போம். சில பேரு அழுதுகிட்டு இருப்பாங்கய்யா. சாவுச் செய்தி சொல்லுத காலா இருக்கும். பேச்சே வராது. அதுக்காக லைன புடுங்க முடியுமா?”

‘பேசுதீங்களா?’ என்பதையும் அவன் நிரலில் எழுதினான். யாரும் பேசாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை சர்வர் ஒரே ஒரு முக்காற்புள்ளி வரியை அனுப்பும். முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியை பிரவுசர் படித்துவிட்டுப் பேசாமல் ஒதுக்கிவிடும், திரையில் எதுவும் தெரியாது. ஆனால் நடுவில் நிற்கும் வாசல்காப்போனுக்கு, இணைப்பு உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒருவர் போனை அணைத்துவிட்டுப் போயிருந்தால், அவருக்கு எதையாவது அனுப்பிப் பார்க்கும்போதுதான் சர்வருக்கு அது தெரியவரும். ரிசீவரைச் சரியாக வைக்காத வீடுகளை அம்மா கண்டுபிடித்ததும் அப்படித்தானாம்.

அதோடு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுத்தான். கடைசி 200 வரிகளைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். அறுந்த போன் மறுபடி இணையும்போது ‘எனக்கு 41 வரை வந்தது’ என்று பிரவுசரே சொல்லும். சர்வர் 42-லிருந்து கொடுக்கும். சிக்னல் குறைவான போன் ஒன்று பின்தங்கினால், அதற்கான வரிகளைச் சர்வர் எல்லையில்லாமல் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தான். வரம்பு தாண்டினால் அந்த ஒரு இணைப்பை மட்டும் விட்டுவிட வேண்டும். அது திரும்ப வந்து, விட்ட எண்ணிலிருந்து வாங்கிக்கொள்ளும். ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பேச்சை எழுத்தாக்கும் சேவை இன்னமும் நெல்லைத் தமிழில் தடுமாறுகிறது. ‘வருதேன்’ என்றால் ‘வருத்தேன்’ என்று எழுதிவைக்கும். அம்மா அதைப் படித்துத் தனியாகச் சிரிப்பார். இந்தச் சிரிப்புக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த ஞாயிறு. அம்மா ஹெட்மாஸ்டரைப் பற்றிப் பேசப்போகிறார். மகனால் ஊருக்குப் போக முடியவில்லை. சென்னையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்குக் குரல் வராது, வரிகள் மட்டும்தான் வரும். அம்மாவுக்கு இத்தனை நாட்கள் கூட்டம் எப்படி இருந்ததோ அதேபோல.

அம்மாவின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் நாள் ஹெட்மாஸ்டரின் திரை வெள்ளையாக இருந்தது, தான் போனை மூடியது, அதற்கு நன்றி சொல்ல அவர் மறுநாளே வீட்டுக்கு ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தது. அதன் பிறகு, ‘உங்க லைன வாங்கிட்டேன், இந்தாங்க டிரங்க் கால் சார்ஜ்’ என்று அவர் சொன்ன வரி.

அந்த வரிக்குப் பிறகு திரை நின்றுவிட்டது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தான். 15 விநாடி. ஒரு முக்காற்புள்ளி. இன்னும் 15 விநாடி. இன்னொரு முக்காற்புள்ளி. இணைப்பு இருக்கிறது. அப்படியென்றால் எல்லோரும் சிரிக்கிறார்களா, அம்மா அழுகிறாரா? எழுத்தில் அது வராது. மூன்றாவது முக்காற்புள்ளிக்கு முன்பே அடுத்த வரி வந்தது. அம்மா தொடர்ந்தார்.

அன்று மாலை வீடியோவில் வந்ததும் அவன் முதலில் கேட்டது அதைத்தான். “அந்தக் கொய்யாப்பழம் சொன்னப்ப என்னம்மா ஆச்சு? ரொம்ப நேரம் ஒண்ணும் வரலியே?”

“எல்லாரும் சிரிச்சாங்கய்யா. எனக்குத்தான் கொஞ்சம் தொண்டய அடச்சிட்டு.”

“போன் வச்சிருந்தவங்க?”

அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார்.

“அதத்தான் நான் மேடையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாரும் ஒண்ணாத்தான் சிரிச்சாங்க.”